குளிருக்குப் போகும் சருமத்துக்குப் பழத்தோல் எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் விடுமுறைக்கு ஜப்பான், கொரியா என்று டிக்கெட் எடுத்தவர்கள் பெட்டியில் முதலில் வைப்பது கம்பளிச் சட்டையை. போய் இறங்கிய இரண்டாம் நாள் உதடு வெடித்து, கெண்டைக்கால் தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்ட பிறகுதான் சருமத்தின் ஞாபகமே வரும். அங்குள்ள கடைகளிலும் நல்ல களிம்புகள் கிடைக்கும், அதில் குறையில்லை. ஆனால் பழத்தோலை ஊறவைத்த எண்ணெயில் வீட்டிலேயே ஒரு களிம்பு செய்து கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையும் பலருக்கு இருக்கிறது. இன்றைய உரை அவர்களுக்காக. பேனாவும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுகளை நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் குளிரில் தோல் ஏன் வறள்கிறது என்று பார்த்துவிடுவோம். 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்பது சிங்கப்பூரில் நமக்குச் சாதாரண நாள். அப்படிப்பட்ட காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். உறைநிலையில் உள்ள காற்றால் 5 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. அந்தக் காற்றை ஹோட்டல் அறைக்குள் இழுத்து, ஹீட்டர் போட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அதில் தண்ணீர் கூடுவதில்லை, அதே 5 கிராம்தான். ஈரப்பதம் 25 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். நாம் இரவு முழுக்கத் தூங்குவது அந்தக் காற்றில். விமானத்துக்குள் இன்னும் மோசம், பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே. வீட்டில் இரவெல்லாம் ஏர்கான் போட்டுப் படுப்பவர்களுக்கும் கொஞ்சம் வறட்சி உண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுக்காது. இருக்கும் தண்ணீரை ஆவியாகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆகவே தோலுக்குள் தண்ணீர் இருக்க வேண்டும். எண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கக் கூடாது, இருந்தால் கிருமியும் பூஞ்சணமும் பிடிக்கும். இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

சரி, பழத்திலிருந்து எண்ணெய் எதை எடுக்கும்? கொழுப்பில் கரைவதை மட்டும் எடுக்கும். ஆரஞ்சுத் தோலில் உள்ள மணப்பொருள் லிமோனின் கரையும். மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டினாய்டுகள் கரையும். வைட்டமின் சி கரையாது, பழ அமிலங்கள் கரையாது, ஸ்ட்ராபெரிக்கும் புளூபெரிக்கும் சிவப்பும் நீலமும் தரும் அந்தோசயனினும் கரையாது. ஸ்ட்ராபெரியை எண்ணெயில் ஒரு மாதம் ஊறப்போட்டாலும் சிவப்பு நிறம் வராது. சிவந்த எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துப் பெரிப்பழச் சாறு இறங்கிய எண்ணெய் என்று யாராவது நீட்டினால், சாயம் எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். வைட்டமின் சி நிறைந்த பழ எண்ணெய் என்ற விளம்பரத்துக்கும் இதே கேள்விதான்.

நெல்லிக்காயைப் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். நெல்லிக்காயின் துவர்ப்பும் வைட்டமின் சியும் தண்ணீரில் கரைபவை. அதனால்தான் நம் தைல முறையில் காயைச் சாறு பிழிந்து, எண்ணெயோடு சேர்த்து, தண்ணீர் முழுவதும் வற்றும்வரை காய்ச்சுகிறார்கள். அது தலைக்குத் தேய்க்கும் தைலம். உலர்ந்த நெல்லி வற்றலை எண்ணெயில் ஊறப்போட்டு உதட்டுக் களிம்பு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆக, இந்த வேலைக்குப் பொருத்தமானவை இரண்டுதான். ஒன்று மாண்டரின் ஆரஞ்சு அல்லது சாதாரண இனிப்பு ஆரஞ்சின் தோல். மற்றது ரோஸ்ஹிப், அதாவது ரோஜாச் செடியின் கனி. ரோஸ்ஹிப் நம் சந்தையில் பச்சையாகக் கிடைக்காது, உலர்ந்ததை இணையத்தில் வாங்கலாம். அந்தக் கனிக்குள் விதைகளைச் சுற்றிச் சன்னமான முடிகள் இருக்கும், தோலில் பட்டால் அரிக்கும். விதையும் முடியும் நீக்கிய ஓடுகளாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் கிடைக்கும் ரோஸ்ஹிப் எண்ணெய் பெரும்பாலும் விதையைப் பிழிந்து எடுத்தது, நாம் செய்யும் ஊறல் எண்ணெய் வேறு. ஊறல் நன்றாக இறங்கினால் நல்ல ஆரஞ்சு நிறம் வரும், தலையணை உறையிலும் ஒட்டும்.

எலுமிச்சை, கலமான்சி, லீமாவ் பூருட், பம்ப்ளிமாஸ் தோல்களை இதில் சேர்க்காதீர்கள். எலுமிச்சை வகைகளின் தோலில் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் உண்டு. அது சருமத்தில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் கொப்புளம் வரும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பனி ஊர்தானே, வெயிலே இல்லையே என்று நினைக்க வேண்டாம். புதிதாக விழுந்த பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். மாண்டரின், இனிப்பு ஆரஞ்சுத் தோலில் இந்தப் பொருள் மிக மிகக் குறைவு.

இப்போது உலர்த்துவது. இந்த வேலையில் கெட்டுப்போவது முக்காலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

200 கிராம் பச்சைத் தோல் எடுத்துக்கொள்ளுங்கள், ஏழெட்டு மாண்டரின் பழங்களில் கிடைக்கும். பழத்தை உரிப்பதற்கு முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றித் துடைத்துவிடுங்கள். கடைப் பழத்தில் மெழுகு பூச்சு இருக்கலாம். உரித்த தோலின் உட்பக்கத்து வெள்ளைச் சதையைக் கரண்டி விளிம்பால் முடிந்தவரை வழித்து எடுங்கள். பஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பிறகு கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டர் அகலக் கீற்றுகளாக நறுக்குங்கள்.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீட்டுத் தாழ்வாரத்தில் காயவைத்தால் காய்ந்துவிடாதா? மழைக்காலத்தில் காயாது. வெளியே மொறுமொறுவென்று தெரியும், நடுவில் ஈரம் நிற்கும். ஓவனில் 60 டிகிரி வைத்து, கதவை ஒரு மரக்கரண்டி அளவுக்குத் திறந்துவிட்டு, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வையுங்கள். கதவை மூடினால் ஈரம் வெளியே போக வழியில்லை, தோல் வேகத்தான் செய்யும். ஏர் ஃபிரையரில் உலர்த்தும் நிலை இருந்தால் அதுவும் சரி. இரண்டும் இல்லையா? தட்டில் பரப்பி, ஏர்கான் ஓடும் அறையில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு இரவு வைக்கலாம்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கீற்றை எடுத்து மடக்குங்கள். வளைந்தால் ஆகவில்லை, டப்பென்று முறிய வேண்டும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் டிஜிட்டல் தராசில் மணிக்கொரு தடவை எடை போடுங்கள், எடை குறைவது நின்றால்தான் தண்ணீர் போய்விட்டது. 200 கிராம் தோல் 50 முதல் 60 கிராம் வரை சுருங்கும். ஆறியதும் உடனே காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரத்தை ஒரு மணி நேரத்தில் திரும்பக் குடித்துவிடும்.

சீனப் புத்தாண்டு சமயத்தில் வீட்டில் மாண்டரின் தோல் குவிந்து கிடக்கும். நவம்பரில் தேடினால் கிடைப்பது நிச்சயமில்லை. அப்போது சாதாரண ஆரஞ்சுத் தோல் போதும். இல்லாவிட்டால் சீன மருந்துக் கடையில் காய்ந்த மாண்டரின் தோல் விற்கிறார்கள், சூப்பில் போடுவது. வருடக்கணக்கில் வைத்த தோலில் பச்சை மணம் குறைந்து ஒரு மருந்து வாசம் ஏறியிருக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். வாங்கி வந்ததையும் 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடு காட்டிவிட்டே பயன்படுத்துங்கள்.

எந்த எண்ணெய்? சாதாரண சூரியகாந்தி எண்ணெய்தான் என் முதல் தேர்வு. பேரங்காடியில் சமையலுக்கு விற்பதே போதும். அதில் லினோலிக் அமிலம் அதிகம், சருமத்தின் மேலடுக்குக்கு ஒத்துப்போகும். ஆலிவ் எண்ணெய் கேட்க உயர்வாக இருந்தாலும், அதிலுள்ள ஒலியிக் அமிலம் வறண்ட தோலின் மேலடுக்கைத் தளர்த்திவிடக்கூடியது. புட்டியில் ஹை ஒலியிக் என்று போட்ட சூரியகாந்தி எண்ணெயும் இதே வகையில் சேரும். அது சீக்கிரம் கெடாது என்பது உண்மை, ஆனால் நமக்கு வேண்டிய குணம் அதில் குறைவு. நல்லெண்ணெய் தன்னிலேயே கெடாமல் காக்கும் பொருள்களைக் கொண்டது, எனவே கொஞ்சம் சேர்ப்பது நல்லது. பாதிக்கு மேல் சேர்த்தால் ஆரஞ்சு மணம் எடுபடாது. ஒரு எச்சரிக்கை: பேரங்காடியில் சீனச் சமையல் பொருள் வரிசையில் இருக்கும் கறுத்த எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அதைப் பூசிக்கொண்டால் நூடல்ஸ் கடை வாசம்தான் வரும். தேக்காவில், சிராங்கூன் சாலைக் கடைகளில் நம் செக்கு நல்லெண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குளிர் ஊருக்கு அது சரிப்படாது.

அளவை எழுதிக்கொள்ளுங்கள். உலர்ந்த தோல் 40 கிராம். சூரியகாந்தி எண்ணெய் 120 கிராம். நல்லெண்ணெய் 80 கிராம். எல்லாம் எடை அளவு, கரண்டி அளவு அல்ல. மறுபடியும் சொல்கிறேன்: 40, 120, 80.

தோலை மிக்சியில் மூன்று நான்கு சுற்று மட்டும் விட்டு, ரவையைவிடப் பெரிதாக நொறுக்குங்கள். மாவாக அரைத்தால் வடிகட்ட முடியாது. ஈரமில்லாத கண்ணாடிச் சாடியில் தோலைப் போட்டு எண்ணெயை ஊற்றுங்கள், தோல் முழுவதும் முங்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் அடியில் மடித்த துணியைப் போட்டு, அதன்மேல் சாடியை நிறுத்தி, சாடியின் பாதி உயரம்வரை தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் வையுங்கள். எண்ணெயின் சூடு 55 முதல் 60 டிகிரிக்குள் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். சாடிக்கு மூடி போடாதீர்கள், ஆவி மூடியில் படிந்து எண்ணெய்க்குள்ளேயே சொட்டும். மெல்லிய துணியால் வாயைக் கட்டினால் போதும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்க முடியாதவர்கள் ரைஸ் குக்கரில் தண்ணீர் விட்டு, சோறு சூடாக இருக்க வைக்கும் நிலையில் சாடியை வைத்து, குக்கர் மூடியைத் திறந்தே விடலாம். சூடு சற்றுக் கூடுதலாகப் போகும் என்பதால் வெப்பமானியால் அவ்வப்போது பார்த்து, 65 டிகிரியைத் தாண்டினால் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

அடுப்பே வேண்டாம் என்றால் இருட்டான அலமாரியில் மூன்று வாரம் ஊறவிடலாம், தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். நம் வெப்பத்தில் மூன்று வாரத்துக்குள் எண்ணெயும் கொஞ்சம் பழசாகிவிடுகிறது. மூன்று மணி நேர முறையையே நான் சிபாரிசு செய்வேன். பச்சைத் தோலை அப்படியே எண்ணெயில் போட்டுப் பொங்கப் பொங்கக் காய்ச்சினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தண்ணீர் போகும், ஆனால் அந்த ஆவியோடு ஆரஞ்சு மணமும் சமையலறைக்குப் போய்விடும். மிஞ்சுவது வறுத்த வாசம்.

வடிகட்டுவதற்கு முதலில் நைந்த பழைய வேட்டித் துணி, பிறகு காபி வடிகட்டும் தாள். தாளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், ராத்திரி வைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். ரோஸ்ஹிப் போட்டவர்கள் தாளில் வடிகட்டுவதை விட்டுவிடவே கூடாது, அந்த முடி துணியில் நிற்காது. 200 கிராம் எண்ணெயில் 150, 160 கிராம் திரும்பக் கிடைக்கும், மீதியைத் தோல் குடித்திருக்கும். ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் மண்டி தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள்.

தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத் தைலம் காய்ச்சுபவர்களிடம் ஒரு சோதனை உண்டு. பருத்தித் திரியை அந்த எண்ணெயில் நனைத்து ஏற்றுங்கள். நின்று நிதானமாக எரிந்தால் நல்லது. சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் எண்ணெயை மறுபடி 60 டிகிரியில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, மீண்டும் திரி ஏற்றிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கலங்கலோடு குமிழியோ புளித்த வாடையோ வந்தால் காப்பாற்ற நினைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

தேறிய எண்ணெயில் வைட்டமின் ஈ சேர்க்கலாம். மருந்துக் கடையில் விற்கும் 400 அலகு மாத்திரைகளில் மூன்றைக் குத்திப் பிழிந்தால் 150 கிராமுக்குப் போதும், ஏறத்தாழ அரை விழுக்காடு ஆகும். இது எண்ணெய் காறாமல் தள்ளிப்போடும், பூஞ்சணத்தைத் தடுக்காது. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கறுப்புப் புட்டியில் வாய்வரை நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று மாதம் தாராளமாக வரும். மறந்துபோன முறுக்கு டின்னைத் திறந்ததுபோல் வாடை வந்த அன்று எறிந்துவிடுங்கள். பழசாகி ஆக்சிஜன் ஏறிய லிமோனின் சருமத்தில் ஒவ்வாமை தரக்கூடியது.

அடுத்தது களிம்பு. நம்மவர்கள் கோட்டை விடும் இடம் இது. சிங்கப்பூர்ச் சமையலறையில் 30 டிகிரியில் பதம் பார்த்து, கெட்டியாக, அழகாக வந்திருக்கிறது என்று எடுத்துப்போவார்கள். ஜப்பானின் சப்போரோ நகரத் தெருவில் அதை விரலால் சுரண்டினால் நகம்தான் உடையும். எங்கே செய்கிறோம் என்பதைப் பார்க்காதீர்கள், எங்கே பூசப்போகிறோம் என்பதைப் பார்த்து மெழுகைப் போடுங்கள்.

இங்கேயே பயன்படுத்த: ஊறல் எண்ணெய் 80 கிராம், தேன்மெழுகு 20 கிராம். குளிர் ஊருக்கு: ஊறல் எண்ணெய் 70 கிராம், ஷியா வெண்ணெய் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) 18 கிராம், தேன்மெழுகு 12 கிராம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் மெழுகை முதலில் உருக்கி, எண்ணெயை வெதுவெதுப்பாக்கிச் சேருங்கள். குளிர்ந்த எண்ணெயை ஊற்றினால் மெழுகு உடனே குருணையாகத் திரளும், மறுபடி சூடாக்கினால் கரைந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு ஷியாவைப் போட்டுக் கரையுங்கள்.

டின்னில் ஊற்றுவதற்கு முன் ஒரு ஸ்பூனில் கொஞ்சம் எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் பத்து நிமிடம் வையுங்கள். உள்ளே 4 டிகிரி, போகும் ஊரின் பகல் குளிருக்கு அது கிட்டத்தட்டச் சமம். எடுத்தவுடன் விரலால் அழுத்தித் தேய்த்தால் ஐந்தாறு நொடியில் இளக வேண்டும். கல்லாக இருந்தால் 5 கிராம் எண்ணெய் கூட்டுங்கள், குழைந்து ஓடினால் 2 கிராம் மெழுகு. சரியாக வந்ததும் சிறு டின்களில் ஊற்றி, உடனே குளிர்பதனப் பெட்டியில் இருபது நிமிடம் இறுக விடுங்கள். ஷியா மெல்ல ஆறினால் மணல்போல் நறநறக்கும். வெயிலில் நிறுத்திய காரில் டின்னை விட்டுவிட்டாலும் இதேதான் நடக்கும். கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, உருக்கி வேகமாகக் குளிரவைத்தால் வழுவழுப்பு திரும்பும். இந்தக் களிம்பு நம் ஊர் வெப்பத்தில் தளதளவென்றுதான் இருக்கும், அதைப் பார்த்து மெழுகைக் கூட்டிவிடாதீர்கள்.

பன்னீர், கற்றாழைச் சோறு, தேன் எதையும் இதில் கலக்க வேண்டாம். தண்ணீர் சேர்ந்தால் கிருமியைத் தடுக்கும் பொருளும் சேர்க்க வேண்டியிருக்கும். அது வேறு வகை வேலை. ஈர விரலை டின்னுக்குள் விடுவதும் தண்ணீர் கலப்பதுதான். குளியலறையில் டின்னை வைக்காதீர்கள்.

பூசும் நேரம் முக்கியம். வெந்நீரில் அரை மணி நேரம் நிற்பது சுகம்தான், ஆனால் தோலின் இயற்கைக் கொழுப்பு அதில் கரைந்து போகும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போதும். துண்டால் ஒற்றி எடுத்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். காய்ந்த பிறகு பூசினால் அடைத்து வைக்க உள்ளே ஈரமில்லை. இரண்டு கைகளுக்கும் ஒரு நிலக்கடலை அளவு போதும். பகலில் வெளியே போகிறவர்கள் இதன்மேல் சன்ஸ்கிரீன் தனியாகப் போட வேண்டும், இந்த எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முழங்கையின் உட்பக்கம் தினமும் இரண்டு முறை தடவிப் பாருங்கள். ஒவ்வாமை சில சமயம் நான்கைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். சிவந்தாலோ அரித்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு வேண்டாம். கைக்குழந்தைக்கும், எக்ஸிமா உள்ளவர்களுக்கும் ஆரஞ்சுத் தோல் சேர்ந்தது எதுவும் வேண்டாம். வெடிப்பில் நீர் கசிந்தால் களிம்பை விட்டுவிட்டுப் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

நன்றாக வந்ததைப் பார்த்து நாலு பேர் விலைக்குக் கேட்பார்கள். வீட்டுக்குள் செய்து வீட்டாருக்குப் பூசுவது ஒன்று, விற்பது வேறு. சிங்கப்பூரில் அழகுசாதனப் பொருளை விற்பனைக்கு விடுவதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். வீட்டில் செய்தது என்பதற்கு விலக்கு கிடையாது.

கடைசியாகப் பெட்டி கட்டுவது. எண்ணெயும் களிம்பும் கைப்பையில் போனால் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லி லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய புட்டியில் பாதிதான் இருக்கிறது என்று சாங்கியில் வாதாட முடியாது, புட்டியின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் புட்டியை வாய்வரை நிரப்பச் சொன்னேன், பயணப் புட்டியில் மட்டும் கால் பங்கு காலியாக விடுங்கள். பிளாஸ்டிக் புட்டியை லேசாக அழுத்தி உள்காற்றைக் கொஞ்சம் வெளியேற்றி மூடியிருந்தால், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது எண்ணெய் கசியாது. டின்னை ஜிப் பையில் போட்டுச் சட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். ரோஸ்ஹிப் எண்ணெய் என்றால் இரண்டு ஜிப் பை.

நன்றி, வணக்கம்.